மொட்டை அலை

கார் ஆடியோ வேலை செய்பவர்களிடம் ஒரு சொல் உண்டு. ஆம்ப்ளிஃபயரை அதன் சக்திக்கு மேல் வாட்டினால், ஒலியை அலையாக வரைந்து காட்டும் ஸ்கோப் கருவியின் திரையில் மேடுபோல் வளைந்து ஏறி இறங்க வேண்டிய அலையின் உச்சி கத்தியால் சீவியதுபோல் தட்டையாகிவிடும். அதை 'மொட்டை' என்பார்கள். காதுக்கு அது வெறும் கரகரப்பு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு அது அடுப்பு.

என் வீட்டு முன்பக்க ஷெட்டில் கடை வைத்திருப்பவளை எல்லோரும் வோல்ட்டக்கா என்பார்கள். வயது நாற்பத்து மூன்று. பதினேழு வயதில் மோட்டாருக்குக் 'காயில்' என்னும் கம்பிச் சுருள் சுற்றப் போனவள். பிறகு தன் தம்பியோடு சேர்ந்து கார் ஆடியோ கடை போட்டு, பதினோரு வருடம் அதன் பின்கட்டில் நின்றாள். தம்பி முன்னால் நின்று பேசுவான். இவள் பின்னால் நின்று அளப்பாள்.

அவள் அளக்கும் முறையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிடுவாள். அடித்தொனியைக் கூட்டும் பாஸ் பூஸ்ட்டை பூஜ்யத்துக்குக் கொண்டுவருவாள். பிளேயரின் வால்யூமை நாற்பதில் முப்பதுக்கு வைத்து, ஒரே சுருதியில் ஓடும் சோதனை ஒலியைப் போடுவாள். ஆம்ப்ளிஃபயர் முனைகளில் மீட்டரைப் பிடித்துக்கொண்டு, கெயின் என்னும் சின்னத் திருகை ஸ்க்ரூடிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்புவாள். நானூறு வாட்ஸ், நாலு ஓம்ஸ் என்றால் நாற்பது வோல்ட் வரை போகலாம். இவள் முப்பத்தெட்டில் நிறுத்திவிடுவாள்.

"மிச்சம் ரெண்டு வோல்ட் எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"மரியாதைக்கு ஐயா. பந்தியில எல்லாத்தையும் வழிச்சுத் தின்னுட்டா வர்றது?"

கெயின் என்பது சத்தம் கூட்டும் திருகு அல்ல. பிளேயர் எவ்வளவு அனுப்புகிறதோ, அதற்கு ஆம்ப்ளிஃபயர் எவ்வளவு வாயைத் திறக்க வேண்டும் என்று சொல்லும் திருகு. வாடிக்கையாளர்களுக்கு இது தெரியாது. அவள் தம்பிக்கும் தெரியாது. பதினோரு வருடம் அந்தத் தொழிலில் இருந்தும் அதை வால்யூம் என்றே நினைத்திருந்தான்.

அங்கேதான் வினை வந்தது. சுற்றுலா வேன் ஓட்டும் ஒருவர் தன் வண்டிக்கு இரண்டு ஊஃபர், அதாவது அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர், போட்டார். இவள் முப்பத்தெட்டில் வைத்துக் கொடுத்தாள். மறுநாள் அவர் வந்து, "கொஞ்சம் சத்தம் பத்தலையே" என்றிருக்கிறார். இவள் அப்போது கடையில் இல்லை. தம்பி ஸ்க்ரூடிரைவரை எடுத்து, "எங்கக்கா பயந்தாங்கொள்ளி. இன்னும் பாதி பாக்கி வெச்சிருக்கு பாருங்க" என்று திருகைக் கடைசிவரை முறுக்கி அனுப்பிவிட்டான். பத்தொன்பதாம் நாள் இரண்டு ஊஃபரும் கருகின.

வேன்காரர் வந்து கத்தியபோது கடையில் அவரையும் சேர்த்து ஆறு பேர். பக்கத்து டயர் கடைக்காரர், சீட் கவர் தைப்பவர், பெயின்டர், சாவி செய்பவர், தண்ணீர் கேன் போடுபவர். அத்தனை பேர் முன்னால் தம்பி சொன்னான்:

"நான் சத்தத்தை மட்டும்தான் லேசாக் கூட்டினேண்ணே. செட்டிங் எல்லாம் அக்காதான். வயசாச்சுல்ல, கண்ணு தெரியாம முறுக்கிடுச்சு."

"டேய், நான் முப்பத்தெட்டுல வெச்சேன்டா!"

"எழுதி வெச்சிருக்கியா? காட்டு."

அவள் எழுதி வைத்திருக்கவில்லை. எழுதாத அளவு அளக்காத அளவுக்குச் சமம். முப்பத்தாறு வருடம் நீர்த்தேக்கத்தின் மட்டத்தைக் காலையும் மாலையும் எழுதியவன் நான், இதில் அவளுக்காகவும் வளைந்து கொடுக்க மாட்டேன். அவள் மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அடுத்த மாதம் என் ஷெட்டுக்கு வந்தாள். ஸ்பீக்கரை எரிக்கிறவள் என்ற பேர் அவளுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடத்தில் அவளை நம்பி வந்த கார்கள் ஒன்பது. மற்ற நாட்களில் மிக்ஸி மோட்டாருக்குக் காயில் சுற்றினாள். ஆனால் அந்த ஒன்பது காருக்கும் தேதி, வால்யூம் எண், வோல்ட் மூன்றும் அட்டையில் எழுதி ஒட்டினாள். கெயின் திருகின்மேல் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு இழுத்தாள். யார் திருகினாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடும்.

அவள் படும் பாட்டைப் பார்த்து என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "உன் தம்பி பண்ணதை அப்படியே எழுதி, அவன் கஸ்டமருங்களுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போட்டுடேன்."

"மொட்டைன்னாலே எனக்கு ஆகாது அத்தை. பேரு போட்டுத்தான் பண்ணுவேன். அவன் வாயால கேட்டா அவன் பொய் சொல்லுவான். அவன் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது."

காலம் அவள் பக்கம் திரும்பியது ஒரு பிப்ரவரி மாதம் ஆறாம் தேதி. அதே வேன்காரர் ஷெட்டு வாசலில் வந்து நின்றார். தம்பி கடையில் போட்ட ஊஃபர்கள் அதன் பிறகும் இரண்டு முறை கருகியிருந்தன.

"ஏம்மா, நீ போயி ரெண்டு வருஷமாச்சு. இப்ப எரிச்சது யாரு?"

"ரெண்டு வருஷம் ஆச்சாக்கும், அண்ணனுக்கு இந்தக் கணக்கு வர?"

அவர் தலையைச் சொறிந்தார். "சரி விடும்மா. இப்ப வண்டிக்கு ஒரு வழி பண்ணு."

"பண்றேன். ஆயுசுக்கும் பாத்துத் தரேன். ஆனா ஒரே ஒரு வார்த்தை நீங்க சொல்லணும். எங்க, யார்கிட்ட சொல்லணும்னு நான் சொல்றேன்."

தன்னிடமிருந்த பழைய ஊஃபர் ஒன்றை வேனில் மாட்டினாள். முப்பத்தெட்டு வோல்ட் வைத்தாள். கோடு இழுத்தாள். அட்டையில் எழுதி, வேன்காரரிடமும் என்னிடமும் சாட்சிக் கையெழுத்து வாங்கினாள். ஆம்ப்ளிஃபயர் முனையில் ஸ்கோப்பை இணைத்துப் பின்சீட்டில் துண்டு போட்டு மூடினாள். சனிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு வேன் தம்பி கடை முன் நின்றது. அவளும் நானும் பக்கத்துக் கடை டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றோம்.

வேன்காரர் பாட்டைப் போட்டுவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார்: "கொஞ்சம் சத்தம் பத்தலையே தம்பி."

அவன் வண்டியை அளக்கவில்லை. மீட்டர் எங்கே என்றுகூடத் தேடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வந்தது.

"யாருண்ணே இதை செட் பண்ணது? எங்கக்காவை மிஞ்சின பயந்தாங்கொள்ளியா இருப்பான் போல. பாருங்க, இன்னும் பாதி பாக்கி."

திருகினான். கோடு உடைந்தது. வேன் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"பாக்கி வெச்சது நான்தான்டா" என்றபடி அவள் போய்த் துண்டை உருவினாள். திரையில் அலை மொட்டையாக நின்றது. டயர் கடைக்காரரும் சீட் கவர்காரரும் பெயின்டரும் அந்தச் சத்தத்துக்கே வெளியே வந்திருந்தார்கள். அவள் அட்டையை அவர்கள் கையில் கொடுத்தாள்.

"அன்னிக்கும் இதே கைதான். இதே ஸ்க்ரூடிரைவர்தான்."

"அக்கா, சும்மா சத்தம் பாக்கத்தான் திருகினேன். இதோ கொறைச்சுடறேன்."

"கைய வெச்சே, ஒடச்சுடுவேன். ஓடட்டும்."

"எரிஞ்சுடும்கா!"

"ஓ, எரியும்னு தெரியுமா உனக்கு?"

பெயின்டர் மட்டும், "அக்கா, தெரு தாங்காது, நிறுத்திடலாமே" என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. தம்பி வியர்த்து நிற்க, நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிடம் இருபது வினாடியில் பாட்டு கரகரத்து நின்றது. வார்னிஷ் கருகும் நாற்றம் கிளம்பியது. வாழ்க்கையில் அவள் எரித்த ஒரே ஊஃபர் அது. நிறுத்தச் சொல்லலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. அந்த நாற்றம் எனக்கும் இனித்தது.

"தம்பி, அப்ப என் மூணு செட்டையும் தின்னது நீதானாய்யா?" என்று வேன்காரர் கேட்டார். தம்பி தரையைப் பார்த்து, ஆமாம் என்றான். டயர் கடைக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தம். அவள் விடவில்லை.

"அண்ணனுக்குக் கேக்கலையாம். சத்தமாச் சொல்லு. உனக்குத்தான் சத்தம்னா பிடிக்குமே."

அவன் இன்னொரு முறை சொன்னான்.

செவ்வாய்க்கிழமை அவள் அம்மா போன் செய்தார். ஷெட்டில் வேலை நடந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள்.

"கூடப் பொறந்தவன்டி. கடையத் தொறக்கலை, சரியாச் சாப்பிடலை."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"நான் ரெண்டு வருஷம்மா. அவன் அங்க வந்து சேரட்டும், அப்புறம் பேசலாம்."

போனை வைத்துவிட்டுக் காயில் சுற்றப் போனாள். மனசு ஆறியதா என்று கேட்டேன்.

"ஆறுல நாலு ஆறிடுச்சு ஐயா."

தண்ணீர் கேன் போடுபவர் மறுநாளே மாட்டிக்கொண்டார். தோளிலிருந்த கேனை இறக்க விடாமல் முழுக் கதையையும் சொல்லி முடித்தாள். அவர், "நம்பறேன் தாயி, முதல்ல இறக்க விடு" என்று கெஞ்சினார். அது ஐந்து.

சாவி செய்பவர் வேறு பேட்டைக்குக் கடை மாற்றிப் போயிருந்தார். கருகிய ஊஃபரைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். அவர் ஒரு பூட்டை அரத்தால் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"தம்பி கடையில வேன்காரர் ஊஃபர் எரிஞ்சுதே. நான்தான் எரிச்சேன்னு உங்க முன்னால சொன்னானே."

"எந்த ஊஃபர்? எந்தத் தம்பி? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லையேம்மா."

திரும்பிவிடலாம் என்று நான் அவளைப் பார்த்தேன். அவள் அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பரவாயில்லண்ணே, நான் ஞாபகப்படுத்தறேன். அன்னிக்கு நீங்க நீலச் சட்டை போட்டுக்கிட்டு, கதவு ஓரமா நின்னீங்க."