நாய்க்கு வாங்கிய ஷாக் அப்சார்பர்

முத்தியால்பேட்டையில் இருக்கும் என் ஒர்க்‌ஷாப்புக்கு இன்று ஒருவர் பழைய எஸ்யூவியில் வந்தார். பின்சீட்டில் அவருடைய அம்மாவும் ஒரு நாயும்.

"பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாத்தணும். இருக்கறதுலயே குலுங்காததா போடுங்க. பள்ளத்துல எறங்குனா நாய் வாந்தி எடுக்குது."

அம்மா ஜன்னல் வழியாகச் சொன்னார்: "இடுப்பு தாங்கலன்னு நானும் சொல்லிக்கிட்டேதானப்பா இருந்தேன்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ எப்பவாவது ஆஸ்பத்திரிக்கு வர்ற. அது தெனமும் பீச்சுக்கு வருது."

புதியதை மாட்டி அனுப்பிவிட்டேன்.

கழற்றிய பழைய ஜோடியைக் காயலான் கடைக்குப் போடாமல் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு நாள் அவரும் பின்சீட்டுக்குப் போவார், அவர் மகன் வண்டியை என்னிடம் கொண்டுவருவான்.

தப்பென்றால் சொல்லுங்கள்.