நாடா விழுந்த கோன்கள்

கார்டன் ரீச்சுக்கு அப்பால் ஆற்றை ஒட்டியிருந்த ஒரு சிறிய நூல் மில்லில் நான் வைண்டிங் பிரிவு சூப்பர்வைசர். கோயமுத்தூரிலிருந்து அந்த வேலைக்காகவே கல்கத்தா போனவன். எழுபதுகளின் பிற்பகுதி அது. பெஹாலாவில் ஓர் அறையில் குடியிருந்தோம். மனைவிக்கு ஆறாம் மாதம்.

பாபின்களில் வரும் நூலைப் பெரிய கோன்களில் சுற்றிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஓடும் டிரம்மின் மேல் கோன் உருளும். டிரம்மில் வெட்டிய பள்ளம் நூலை அங்குமிங்கும் கொண்டுபோய்ப் பரப்பும். கோன் பருக்கப் பருக்க அது சுற்றும் வேகம் குறையும். ஒரு கட்டத்தில் டிரம், கோன் இரண்டின் சுற்றுகளும் கணக்காகப் பொருந்திவிட்டால், நூல் பரவாமல் முந்தைய நூலின் மேலேயே விழுந்து நாடா மாதிரிப் படிந்துவிடும். மேலாகப் பார்த்தால் தெரியாது. பனியன் மெஷினில் வேகமாக இழுக்கும்போதுதான் அந்த நாடா கொத்தாகக் கழன்று வரும். அப்படி ஆகாமல் இருக்க, மோட்டாருக்குப் போகும் கரண்டை விட்டு விட்டுக் கொடுத்து வேகத்தைக் கலைத்துக்கொண்டே இருக்கும் ஒரு பெட்டி ஒவ்வொரு மெஷினிலும் உண்டு.

மூன்றாம் மெஷினின் பெட்டியைக் கழற்றியது நான்தான். லோட்ஷெடிங் முடிந்து கரண்ட் வந்த ஒரு மதியம் அதன் முனைகள் கருகிப்போயின. மாற்று சாமான் இல்லை. மெஷின் நிற்கக் கூடாது என்று மானேஜர் நெருக்கினார். நேராக ஒயர் கொடுத்து ஓட்டினேன். இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஓடியது. சாமான் கேட்பதையும் விட்டுவிட்டேன்.

எங்கள் நூலில் பாதிக்கு மேல் வாங்கிய பனியன் கம்பெனி மானேஜரையும் என்னையும் கூப்பிட்டு அனுப்பியது. அந்தக் கம்பெனி முதலாளி எங்கள் கோன் ஒன்றை மெஷினில் ஏற்றிக் காட்டினார். கொஞ்ச நேரத்தில் கோனின் தோளிலிருந்து நூல் கொத்தாகச் சரிந்தது. ஊசிகள் முறியும் சத்தம் கேட்டது. கோனை எடுத்து விரலால் தடவினேன். மேடும் பள்ளமுமாக நாடா. எனக்கு உடனே புரிந்துவிட்டது.

திரும்பும் வழியில் மானேஜர் கேட்டார்: "டென்ஷன் சரியா வைக்கலையா? மூணாவது மெஷின்ல யாரு?"

நூலின் இறுக்கத்தை, அதாவது டென்ஷனை, வைப்பது மெஷின் ஓட்டுபவரின் வேலை. நான் ஆள் யாரென்று சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை. மறுநாள் அந்த மனிதரை சஸ்பெண்ட் செய்தார்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து எல்லை தாண்டி வந்தவர், ஐம்பது வயதிருக்கும். மூன்று பெண் பிள்ளைகள். எல்லோரும் அவரைத் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம்.

அன்றிலிருந்து கிடங்கில் கிடந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, நாடா விழுந்த கோன்களைப் பொறுக்கி, திரும்பச் சுற்றக் கொடுத்தேன். கெட்டதையெல்லாம் மாற்றிவிட்டால் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள் என்று ஒரு கிறுக்குத்தனம். பெட்டிகள் தீரவே இல்லை. சில கோன்கள் கையில் எடுத்ததுமே சரிந்தன.

மூன்றாம் நாள் காலை மில் கேட்டருகே மழையில் தாதா நின்றிருந்தார். இந்தியும் வங்காளமும் கலந்துதான் பேசுவார்.

"பாபு, என் கை என்ன தப்புப் பண்ணிச்சு, சொல்லுங்க. டென்ஷன் தட்டை நான் தொடவே இல்லை. என்னன்னு சொன்னா திருத்திக்கறேன்."

"பாத்துக்கிட்டிருக்கேன் தாதா," என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். நேரே கிடங்குக்குப் போய் அடுத்த பெட்டியைப் பிரித்தேன்.

அன்று சாயங்காலம் மனைவி கேட்டாள். "ஏனுங்க, மூணு நாளா சோத்துல கைய வெச்சுட்டு எந்திரிச்சுப் போறீங்க. என்னதானுங்க ஆச்சு?"

சொன்னேன்.

"சொன்னா வேலை போயிருமுங்களா?"

"போகலாம்."

"இந்த ஊர்ல நமக்கு யாருமில்லீங்களே," என்றாள். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் மானேஜரிடம் போய்ப் பெட்டியைக் கழற்றிய விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார். "டென்ஷன்னா தொழிலாளி தப்பு. நீங்க சொல்றதுன்னா உங்க தப்பு, என் தப்பு. எது வேணும்னு யோசிங்க."

யோசித்தால் பயந்துவிடுவேன் என்று தெரிந்தது. அங்கேயே ஒரு காகிதம் கேட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

தாதாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். வேலைக்கு வந்த அன்று அவர் என்னைத் தேடி வந்தார்.

"மழையில நின்னு கேட்டேனே பாபு, அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் திரும்பி மெஷினுக்குப் போய்விட்டார்.

பனியன் கம்பெனி திரும்ப வரவில்லை. துர்கா பூஜைக்கு முந்தின வாரம் வைண்டிங் பிரிவையே மூடி, கிடங்கிலிருந்த என்னையும் சேர்த்து எல்லோரையும் அனுப்பினார்கள். அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் அவர் எனக்கு நாலு பேர் முன்னால் நின்றார். ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பார் என்று நின்றேன். அட்டையைக் கொடுத்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு, ஆற்றுப் பக்கமாக நடந்து போய்விட்டார்.