பெரியபாளையத்தில் கொடுத்த பூமுடி

எழுதிப் பழக்கம் இல்லாதவள் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது என் படிப்பு. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்வேன், பின்னால் நடந்தது மறந்தே போகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வாய் வராது என்பதால்தான் எழுதுகிறேன். எண்ணூரில் மீன் கூடையை வைத்து உட்கார்ந்தால்கூட, வாங்க வாங்க என்று கூப்பிட எனக்குக் கூச்சம். பக்கத்துக் கடைக்காரி எனக்கும் சேர்த்துக் கூவிவிடுவாள்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் தம்பி, அவன் மனைவி, அவர்கள் பிள்ளை, நான். தம்பி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். பிள்ளை பிறந்தபோது பையன் என்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தோம். தான் பையன் இல்லை, பெண் என்று அவள் வாய் திறந்து சொன்னது ஒன்பதாவது படிக்கும்போது. முதலில் அம்மாவிடம், பிறகு என்னிடம், பிறகு வகுப்பு டீச்சரிடம். நைனாவிடம், அதாவது என் தம்பியிடம் மட்டும் சொல்லப் பயந்தாள்.

முடி வளர்க்க ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு முடி காதைத் தொடக் கூடாது. பெரிய சார், அதாவது ஹெட்மாஸ்டர், எங்கள் வீட்டில் இருந்து ஆள் வரச் சொன்னார். தம்பி மனைவி போனாள். நானும் துணைக்குப் போய்க் கதவோரம் நின்றேன். அவர் முகத்தைப் பார்த்ததும் இவளுக்கு வாயில் வந்தது இதுதான்:

“பெரியபாளையத்தம்மாவுக்கு நேந்துகினு கீறோம் சார். பத்தாவது முடிஞ்சதும் குடுத்துருவோம்.”

எங்கள் பக்கத்தில் வருஷா வருஷம் சில பையன்கள் இப்படி நேர்த்திக்கடன் முடியோடு பள்ளிக்கூடம் வருவார்கள். யாரும் அதைத் தடுப்பதில்லை. சாரும் விட்டுவிட்டார். தம்பி கேட்டபோதும் அதையே சொல்லிவிட்டோம்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். அதற்கு முந்தின புயலில் அவன் படகு கரை சேர வெகுநேரம் ஆகியிருந்தது. தனக்காகத்தான் மனைவி நேர்ந்துகொண்டாள் என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். “எனக்காவா நேந்துகின?” என்று அவளைக் கேட்டபோது அவன் கண் கலங்கியது. இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பத்தாவது முடிந்த ஆடியில் மொட்டை என்று சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சொல்லிவைத்தான். கடலுக்குப் போகிறவன் அம்மனிடம் சொன்ன சொல்லை மாற்ற மாட்டான்.

முடி பின்னல் போடும் அளவுக்கு வளர்ந்தது. பத்தாவதும் பாஸ். பதினொன்றாவதில் சுடிதார் போட்டுக்கொண்டு, பெண்கள் பக்கம் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய சார் கெட்டவர் இல்லை.

“எனக்கு ஆட்சேபணை இல்லம்மா. ஆனா அப்பா வந்து சொல்லணும். என்னைக் கேக்காம எம் புள்ளைய எப்படி மாத்துனீங்கன்னு நாளைக்கு அவர் வந்து நின்னா, நான் என்ன பதில் சொல்றது?” என்றார்.

ஆடி நெருங்க நெருங்கப் பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் நான் கவலை மீனை ஆய்ந்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“மொட்ட போட்டா நான் பூடுவேன் அத்த.”

“எங்க பூடுவ?”

“எங்கனா.”

எங்கள் தெருவில் முன்பு ஒரு பிள்ளை இப்படித்தான் ரயில் ஏறிப் போனது. அதன் தாய் இன்றைக்கும் ஸ்டேஷனைத் தாண்டும்போது நின்று பார்த்துவிட்டுத்தான் போவாள். மீனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். அன்று சாயங்காலம் தம்பி மனைவியும் நானுமாக அவனிடம் எல்லாவற்றையும் சொன்னோம். வலையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன் போட்டது போட்டபடி எழுந்து போய்விட்டான்.

மறுநாள் நேராகப் பள்ளிக்கூடம். நானும் பின்னாலேயே ஓடினேன். டீச்சரைப் பார்த்ததும் கேட்டான்:

“எம் புள்ள உங்ககிட்ட சொல்லி ரெண்டு வருசம் ஆவுதாமே. பெத்தவன்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வாணாமா?”

“நீங்க கேக்கறது நியாயம்ங்க. உங்களுக்குத் தெரியணும். ஆனா வேணாம் டீச்சர்னு அவ அழுதா. அவளே உங்ககிட்ட வந்து சொல்ற நாள் வரும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.”

“என்னப் பாத்து இன்னாத்துக்குப் பயம்? நா இன்னா சுறாவா?”

சுடிதாருக்குச் சரி என்றும் சொல்லாமல் வேண்டாம் என்றும் சொல்லாமல் வெளியே வந்தான். வீட்டு வாசலில் என்னிடம் சொன்னான்:

“ஆத்தாகிட்ட சொன்னது சொன்னதுதான்க்கா. முடி குடுத்தாவணும்.”

ஆடி ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்களோடு வேன் பிடித்துப் பெரியபாளையம் போனோம். அவள் பையை நான்தான் மடியில் வைத்திருந்தேன். ஒருநாள் போய் வருவதற்கு அத்தனை கனம் எதற்கு? கையை விட்டுப் பார்த்தேன். துணிமணி எல்லாம் அதில் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. பையை மட்டும் கையிலிருந்து விடவே இல்லை.

வேப்பிலை கட்டிக்கொண்டு வேண்டுதல் செலுத்துகிறவர்களின் கூட்டத்தில் நுழைந்து முடி இறக்கும் இடத்துக்கு வந்தோம். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு பலகையில் உட்கார்ந்தாள். முடி இறக்குகிறவர் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார். என் தம்பியைப் பார்த்துச் சாதாரணமாகக் கேட்டார்.

“மொட்டையா, பூமுடியா?”

ஆண்பிள்ளை என்றால் இப்படிக் கேட்க மாட்டார்கள். பெண்கள்தான் பெரும்பாலும் பூமுடி கொடுப்பார்கள். நுனியில் கொஞ்சம் கத்தரித்தால் போதும், முழு முடியும் கொடுத்த மாதிரி அம்மன் ஏற்றுக்கொள்வாள் என்பது வழக்கம். அவர் பின்னலைப் பார்த்துக் கேட்டுவிட்டார். தம்பி அவள் பின்னலைப் பார்த்தான். எனக்கு அம்மன் பெயர்கூட வாயில் வரவில்லை.

“பூமுடி எடுப்பா,” என்றான் தம்பி. “பொம்பளப் புள்ள.”

நுனியில் மூன்று தரம் கத்தரி பட்டது. அவள் எழுந்ததும் அதே பலகையில் அவன் போய் உட்கார்ந்தான்.

“எனுத மொத்தமா எடுத்துரு.”

எங்கள் சின்னம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. “இன்னாடா இது, புள்ளைக்கு மொட்டன்னு சொல்லி இட்டாந்துட்டு, அப்பன் மண்டையக் காட்டிகினு கீற?”

“முடி தானே சின்னம்மா ஆத்தாவுக்கு? யாருதுன்னு அவ கேக்கல. நீ வோணா உக்காரு, உனுதயும் குடுக்கலாம்.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சின்னம்மாவும் கொஞ்சம் பொறுத்துச் சிரித்தாள். பிள்ளை என்னிடம் வந்து பையைக் கேட்டாள். கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கொடுத்தேன். மறைவுக்குப் போய் அதிலிருந்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது வேனில் அவள் தூங்கி விழுந்தது நைனாவின் தோள்மேல். அவன் மொட்டைத் தலையின் சந்தனம் அவள் முடியெல்லாம் ஒட்டியிருந்தது.

மறுநாள் அந்தச் சந்தனத்தோடேயே பள்ளிக்கூடம் போய், பெரிய சார் கேட்ட சம்மதத்துக்குக் கையெழுத்துப் போட்டான். டீச்சரிடம் சொன்னான்:

“இனிமே எதுனா இருந்தா எனுக்கும் சொல்லுங்க டீச்சர். ஆனா அவளக் கேட்டுகினு சொல்லுங்க.”

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பையன்கள் சிலர் இன்னும் கேலி செய்கிறார்கள். டீச்சர்களுடைய கழிப்பறைக்குத்தான் போகிறாள், அதற்குச் சாவி கேட்டு நிற்க வேண்டும். ஆனால் இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள். காலையில் தம்பி மனைவிதான் பின்னிவிடுகிறாள். கடலில் இருந்து வந்தால் தம்பி, “ரிப்பனு ஏன் கோணலா கீது?” என்று அவளிடம் வம்பு பண்ணுகிறான்.

நாங்கள் போனது ஆடியில் இரண்டாவது ஞாயிறா, மூன்றாவதா என்று எனக்கு நிச்சயமில்லை. சார் சொன்னதும் டீச்சர் சொன்னதும் அப்படியே வந்திருக்கிறதா என்றும் தெரியவில்லை. எங்கள் பிள்ளையே ஒருதரம் படித்துப் பார்த்துத் தப்பைத் திருத்தித் தர வேண்டும். பை கனத்ததை நான் அவளிடம் இதுவரை கேட்டதில்லை. அந்த இடம் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றினால் அடித்துவிடட்டும்.