புளி போட்டு மினுக்கிய சேவல்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒரு பெரிய மனிதரின் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்தேன். அவர் எங்கள் வீட்டுக்காரர். கனடாவின் ஸ்காபரோவில் அவருடைய வீட்டு பேஸ்மென்டில்தான் நாங்கள் குடியிருந்தோம். மேலே அவர் தனியே இருந்தார். வெள்ளைக்காரர், எனக்கு அங்கிள். தம்பி பிறந்த அன்று கொட்டும் பனிக்குள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியவரும் அவர்தான்.

அவருடைய கூரை உச்சியில் ஒரு செம்புச் சேவல் நின்றது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பும். அவருடைய பாட்டனார் தகட்டை அடித்து வளைத்துத் தன் கையால் செய்ததாம். வாலில் ஒரு இறகு மட்டும் குட்டை. தகடு போதாமல் போயிருக்க வேண்டும்.

கூரை ஒழுகத் தொடங்கியதும் சேவலை இறக்கிக் கராஜில் வைத்தார். பழம்பொருள் வாங்குபவர் ஒருவர் சனிக்கிழமை வருகிறார், விற்ற காசில்தான் கூரை மாற்றவேண்டும் என்றார். எங்கள் வீட்டில் ஆங்கிலத்துக்குப் பொறுப்பு நான்தான். அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா போய்ப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஐயோ, உச்சி தொட்டு வால்வரை பச்சையாக் களிம்பு பிடிச்சுக் கிடக்கு. உதை ஆர் வாங்குவினம்? குத்துவிளக்கெண்டால் இப்பிடி விடுவமே?"

வெள்ளிக்கிழமை அங்கிள் கடைக்குப் போன நேரம் பார்த்து, புளியும் உப்பும் போட்டு உரஞ்சத் தொடங்கினோம். வால் என் பங்கு. அம்மாவின் கைவிரல்கள் வெந்துபோயின. ஆனால் சேவல் தகதகவென்று மின்னியது. அங்கிள் வந்து பார்த்துவிட்டு, கடைப் பையைக் கீழே வைக்கவும் மறந்து சேவலை இரண்டு தரம் சுற்றி வந்தார். சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை என்று நாங்கள் நினைத்தோம்.

சனிக்கிழமை வந்தவர் சேவலை விரலால் தடவினார். "நூறு வருசத்தைக் கழுவி ஊற்றிவிட்டீர்களே" என்று ஆங்கிலத்தில் சொன்னார். கொடுத்த கோப்பியைக்கூடக் குடிக்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் முந்திக்கொண்டார். சேவல் மிக வடிவாக இருக்கிறதென்று வந்தவர் சொன்னதாகவும், தனக்குத்தான் விற்க மனம் வரவில்லை என்றும் அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்! டொக்டர் சொல்வதை ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்ல என்னைப் பழக்கியவர் அம்மா. இப்போது வீட்டுக்காரரே பொய் சொல்லச் சொல்கிறார். வேறு வழியின்றிச் சொன்னேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "நான் சொன்னனான் எல்லே? மினுக்கின பிறகு ஆருக்குக் குடுக்க மனம் வரும்?"

நூறு வருசமாய் ஏறிய அந்தப் பச்சைக்குத்தான் விலை என்பதை நான் அறிந்தபோது அங்கிள் உயிரோடு இல்லை. அம்மாவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.

அந்த வாரமே சேவல் மறுபடி கூரையேறியது. அந்தக் கோடை முழுவதும் மழை பெய்தால், மேலே வாளிகளில் தண்ணீர் சொட்டும் சத்தம் எங்களுக்குக் கேட்கும். "பாவம் மனுசன், சேவலிலை உள்ள ஆசையிலை கூரையை விட்டிட்டார்" என்பார் அம்மா. பொய் சொன்னவருக்கு நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டு நான் ஹோம்வேர்க் செய்வேன்.