சின்னம்மாவுக்கு எழுதிவைத்த தையல் மெஷின்

அப்பா உயில் எழுதப் போன நாளில் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அப்போது பதினெட்டு வயது. பெல் ஒம்ப்ர் தோட்டத்தில் கரும்பு வண்டி ஓட்டிய அவருக்கு எழுத்து தெரியாது. எங்கள் தீவில் உயிலோ பிரெஞ்சில்தான் எழுதப்படும். தான் சொன்னதுதான் தாளில் இருக்கிறதா என்று படித்துப் பார்க்க அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அம்மா இறந்து இரண்டு வருஷம் கழித்து, அப்பா சின்னம்மாவைக் கோவிலில் தாலி கட்டி அழைத்து வந்திருந்தார். சர்க்கார் புத்தகத்தில் பதியவில்லை. தோட்டத்தில் பலர் அப்படித்தான் குடும்பம் நடத்தினார்கள். யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. பத்திரம் எழுதும் நொத்தேர் மட்டும் பேனாவை நிறுத்தினார். பதியாதவளை மனைவி என்று எழுத முடியாது என்றார். அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"பேரை மட்டுமாவது எழுதுங்க ஐயா. கட்டில், அலமாரி, பித்தளைப் பாத்திரம், தையல் மெஷின், எல்லாம் அவளுக்கு. நான் போயிட்டா எங்க அண்ணன் அவளை வெறுங்கையோட அனுப்பிடுவான்."

எழுதியதை நான் படித்துச் சொன்னேன். தையல் மெஷின் என்ற இடத்தில் என் குரல் தடுமாறியது. அது என் அம்மாவுடையது. சின்னம்மா எனக்குத் தைத்துப் போட்ட பள்ளிக்கூடச் சட்டைகள் எல்லாம் அதில் தைத்தவைதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அப்பா உயிலின் நகலை என்னிடம் கொடுத்தார்.

"நீ படிச்சவ. உன்கிட்ட இருக்கட்டும். வேளை வரும்போது எடுத்துக் காட்டு."

மறு வருஷம் கரும்பு வெட்டும் காலத்தில் அப்பா போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் பெரியப்பாவும் என் அண்ணனும் முன்னறையில் உட்கார்ந்தார்கள். சின்னம்மா சமையலறை வாசலில் நின்றாள்.

"பதியாத பொம்பளைக்கு என்ன பங்கு?" என்றார் பெரியப்பா. பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்கப்பன் காகிதம் கீகிதம் ஏதாச்சும் எழுதினானா?"

"மோ பா கொனே" என்று கிரியோலில் சொன்னேன். தெரியாது என்பதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சின்னம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

கட்டில் அண்ணனுக்கு, அலமாரி பெரியப்பாவுக்கு. கல்யாணம் ஆகவேண்டிய பெண் என்று பாத்திரங்களும் மெஷினும் எனக்கு. சின்னம்மா தன் சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு, ரோஷ் புவாவில் இருந்த தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்முன் மெஷினுக்கு எண்ணெய் விட்டாள்.

"மெல்லிசு ஊசி போட்டிருக்கு. தடிச்ச துணின்னா மாத்திக்கோ" என்றாள்.

கல்யாணமாகி போ பசான் ஊருக்கு வந்தேன். ஒன்பது வருஷம் அந்த மெஷினில் தைத்தேன். என் குழந்தைகளின் சட்டைகளைக்கூட அதில்தான் தைத்தேன். ஒருநாள் பெட்டியை ஒழுங்குபடுத்தும்போது என் கணவர் கையில் அந்தத் தாள் கிடைத்தது. படித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இந்த மெஷின் உன்னோடது இல்லையே. இங்க என்ன பண்ணுது?"

அந்த ஞாயிற்றுக்கிழமையே வாடகை வண்டியில் மெஷினையும் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு ரோஷ் புவாவுக்குப் போனோம். சின்னம்மா இளைத்திருந்தாள். தாளை விரித்து, படிக்கட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். எழுதின அன்னிக்கே உங்கப்பா எங்கிட்ட சொல்லிட்டாரு."

"அப்ப அன்னிக்கு ஏன் நீங்க வாயே திறக்கல?"

"நான் சொன்னா யார் நம்புவாங்க? காகிதம் உங்கிட்ட. நீ சொல்லுவேன்னு நின்னேன்." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கோவம் இல்லேன்னு நினைக்காத. ரொம்ப நாள் இந்த வீட்டுல உன் பேரை யாரையும் எடுக்க விடல நான்."

நான் அழுதேன். அவள் என்னைத் தேற்றவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். குழந்தைகளுக்கு எத்தனை வயது என்று கேட்டாள். கண் மங்கிவிட்டதால் இனி தைக்க முடியாது என்று, மெஷினைத் தன் தங்கை மருமகளிடம் கொடுத்துவிட்டாள்.

அண்ணனிடம் தாளைக் காட்டினேன். "இத்தனை வருஷம் கழிச்சு கட்டிலைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா?" என்று கத்தினான். அதன் பிறகு என் வீட்டுப் பக்கம் வரவேயில்லை. பெரியப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரோஷ் புவாவுக்குப் போய்வந்தேன். சின்னம்மா ஒவ்வொரு தடவையும் டீ கொடுத்தாள். எங்கள் வீட்டுக்கு மட்டும் அவள் வரவில்லை. எங்கள் தீவு சுதந்திரம் வாங்கிய வருஷம் என் மூத்த மகள் பெரியவளானாள். சடங்குக்கு நேரில் போய் அழைத்தேன். சேலையும் வெற்றிலை பாக்கும் தங்கை மருமகள் கையில் கொடுத்தனுப்பினாள். ஏன் வரவில்லை என்று நான் கேட்கவில்லை.