வேதமுத்து நேர்ந்தான், சூசையம்மாள் சுமந்தாள்

சூசையம்மாளைக் கோபக்காரி என்று பரளச்சியில் சொல்லாத ஆள் கிடையாது. ஏன் கோபம் என்று கேட்ட ஆளும் கிடையாது. ஒன்றரை வருஷம் ஒரு பிள்ளையைத் தரையில் இறக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பருத்தி எடுத்துப் பார்க்கட்டும், அப்புறம் தெரியும் யாருக்கு எவ்வளவு பொறுமை என்று.

மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் கல்லறையில் வைத்தவள் அவள். நாலாவதாக யாகப்பன் பிறந்த அன்றே, அவள் புருஷன் வேதமுத்து கோயிலில் முழங்கால் போட்டு நேர்ந்துகொண்டு வந்துவிட்டான். கடலோரத்து யாகப்பர் கோயில் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு நடந்து போய், கடற்கரையில் தூளி கட்டி மூன்று நாள் தங்குவது. மூன்றாம் நாள் பூசை முடிகிறவரை பிள்ளையின் கால் மண்ணில் படாது. இதுதான் நேர்த்தி. பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டானா? ம்ஹூம்! நேர்ந்தது அவன் வாய், ஒடிந்தது இவள் இடுப்பு.

போன வருஷத் திருவிழாவுக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு பயணம் நின்றுபோனது. இன்னும் ஒரு வருஷம் சுமந்தாள். களை வெட்டினாலும், அடுப்பு ஊதினாலும் பிள்ளை இடுப்பில். இல்லையென்றால் வேலாமரத்தில் கட்டிய தூளியில். வேதமுத்துவோ, "கால் பட்டுறாம பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வேட்டியை உதறிக்கொண்டு போவான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் இறக்கிவிடத் தைரியம் வரவில்லை. நேர்த்தி தவறி இதுவும் போய்விட்டால்? அந்தப் பயம்தான் அவள் வாயைக் கட்டியிருந்தது.

நாற்பத்தைந்தாம் வருஷம், ஆடியில் கிளம்பினார்கள். யுத்தம் வந்து துணிக்குக் கூப்பன் போட்டிருந்த காலம். தூளிக்கென்று அவள் கல்யாணச் சேலையே வந்தது. வேதமுத்து முதுகில் ஒரு சாக்கு மூட்டை: குதிரைவாலி அரிசி, கம்பு மாவு, பாய். அவள் தலையில் சட்டிபானை, இடுப்பில் பிள்ளை. பெருநாழி, சாயல்குடி என்று இரண்டு நாள் நடை. வழியில் மூட்டையை நாலு தடவை இறக்கி வைத்து அவன் இளைப்பாறினான். பிள்ளையை எங்கே இறக்குவது?

கடற்கரையில் திருவிழாக் கூட்டமெல்லாம் மேட்டுப் பனங்காட்டுக்குள் நெருக்கியடித்துக் கிடந்தது. கீழே, தண்ணீருக்குக் கொஞ்சம் தள்ளி, சுத்தமான மணலில் மீன்பிடி வள்ளங்களைக் கட்டிவைக்கிற முளைக்கம்புகள் நாலு ஒரே வரிசையில் நின்றன. பக்கத்தில் ஒரு குஞ்சும் இல்லை. வேதமுத்துவுக்கு முகமெல்லாம் பல்.

"பாத்தியா, நமக்குன்னே நட்டு வச்ச மாதிரி இருக்கு. இந்தக் கூறுகெட்ட சனம் எல்லாம் பனைக்கடியில போயி முட்டிக்கிட்டுக் கெடக்கு."

மீன்கூடையோடு போன ஒரு பெண் நின்று பார்த்தாள். "இங்கயா தங்கப் போறீக? நாளைக்கழிச்சு அமாவாச, தண்ணி ஏறுமே."

"கம்மாயில தண்ணி ஏறணும்னா மழ பெய்யணும். வானத்தப் பாரும்மா, ஒரு பொட்டு மேகம் இருக்கா?" என்றான் வேதமுத்து. கண்மாயைத் தவிர வேறு தண்ணீர் பார்க்காத மனுஷன், கடலுக்கே பாடம் சொன்னான். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

"அவுக இந்த ஊருக்காரவுக, சொல்றதக் கேளுங்களேன்" என்றாள் சூசையம்மாள்.

"ஒனக்கு என்ன தெரியும்? சும்மா கெட."

முதல் இரண்டு கம்புக்கு நடுவே சேலைத் தூளி, பிள்ளைக்கு. அரிசியைத் துண்டில் மூட்டையாக முடிந்து வைத்துவிட்டு, அடுத்த இரண்டுக்கு நடுவே சாக்கைப் பிரித்து இன்னொரு தூளி கட்டினான். தனக்குத்தான் போல என்று அவள் நினைத்தாள். அவனே ஏறிப் படுத்துக்கொண்டு ஒரு காலால் மணலை உந்தி ஆடினான். நடந்த அலுப்பாம்! அவளுக்கு மணல்தான்.

மூன்றாம் நாள் அமாவாசை. பூசை சாயங்காலம்தான். உச்சிவேளையில் அவள் கம்மங்கூழ் கிண்டிக்கொண்டிருந்தபோது அலை வந்து அடுப்பை அணைத்தது. அடுத்தது பாயை இழுத்தது. அவள் நிமிர்வதற்குள் முழங்கால் அளவு தண்ணீர். வேதமுத்து சாக்குத் தூளியிலிருந்து அலறியடித்துக் குதித்தான். குதித்தவன் எதைத் தூக்கினான்? அரிசியை! மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடினான். ஓடிக்கொண்டே கத்தினான்:

"ஏ சூச! கால் பட்டுறாம! கால் பட்டுறாம பாத்துக்க!"

அலை தூளியின் அடிவயிற்றில் அறைந்தது. பிள்ளை வீறிட்டது. தொப்பலாக நனைந்த பிள்ளையை வாரி எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சேலையை விட்டாள், சட்டியை விட்டாள், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்துக் கரையேறினாள். ஒன்றரை வருஷத்துக் கோபமும் அந்த இருபது அடியில் அவள் தொண்டைக்கு வந்து நின்றது.

மேட்டில் வேதமுத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். "நல்லவேள, கால் படல. இன்னும் ஒரு பொழுதுதான், சாயங்காலம் பூச முடிஞ்சிரும். புடிச்சுக்கிட்டே நில்லு."

அவள் அவனையே பார்த்தாள். குனிந்தாள். பிள்ளையின் இரண்டு காலையும் சுடுமணலுக்குக் கீழிருந்த ஈரத்தில் அழுந்த ஊன்றினாள்.

"அடிப் பாவி! என்ன காரியம் பண்ணிட்ட! இதுவும் போயிருமேடி!"

"போன மூணும் எங்கய்யா கால் வச்சுச்சு?" அவள் போட்ட சத்தத்தில் பனங்காட்டுச் சனம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "தொட்டில்ல கெடந்தே செத்துச்சுக மூணும்! மண்ண மிதிக்காமத்தான போச்சுக! இது மிதிக்கட்டும்!"

பிள்ளையின் கால் துவண்டது. நின்று பழக்கமே இல்லாத கால். தொப்பென்று உட்கார்ந்துவிட்டது. வேதமுத்து பதறிப்போய்த் தூக்க வந்தான்.

"தொட்டீக, கைய முறிச்சுப்புடுவேன்" என்றாள்.

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவள் இரண்டு விரலை நீட்டினாள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தது, விழுந்தது, திரும்பவும் பிடித்தது.