ட்ரூடியை யார் கணக்கில் காட்டுவது?

லோர்னாவிடம் விவாகரத்து வாங்கிய வருடமே அந்த முள் வெர்ன் ஹாஸ்லரின் நெஞ்சில் தைத்துவிட்டது. மகள் ட்ரூடியைத் தன் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை என்று வரிக்கணக்கில் காட்ட உட்கார்ந்தான். ஒரு பிள்ளையை ஒருவர்தான் காட்ட முடியும்; லோர்னா முந்திவிட்டிருந்தாள்.

பிறகு, பள்ளியில் படிக்கும்போதே ட்ரூடி அவனோடு வந்துவிட்டாள். ஆனாலும் வருடா வருடம் அடித்துப் பிடித்து முதல் ஆளாகக் கணக்கை அனுப்புவான். ஒஹாயோவில் கூரை போடுகிறவனுக்குப் பனிக்காலத்தில் வேறென்ன வேலை? பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன், இந்த ஒரு கணக்கில் மட்டும் தன்னைப் பெரிய வாத்தியார் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

இந்த முறை வண்டி பழுதானதில் கொஞ்சம் தாமதம். அனுப்பிய கணக்கு திரும்பி வந்தது: ட்ரூடியின் அடையாள எண் வேறொரு கணக்கில் ஏற்கெனவே வந்துவிட்டதாம். யாருடையது என்று சொல்லவில்லை. வெர்னுக்குச் சொல்ல வேண்டுமா என்ன?

லோர்னாவின் வாசலில் போய் நின்று கத்தினான்.

"வெக்கமா இல்ல ஒனக்கு? அவ காலேஜ் ஃபீஸ் யாரு கட்றது? அழுக்குத் துணியத் தூக்கிட்டு லீவுக்கு எந்த வீட்டுக்கு வர்றா?"

"கத்தாத வெர்ன். எதுத்த வீட்டு நாயே ஒன்னப் பாத்து வாய மூடிருச்சு." உள்ளே போய் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். "என் காகிதம் எல்லாம் இதுலதான் கெடக்கு. நான் இன்னும் கணக்கே போடல."

கதவு சாத்தப்பட்டது. ஒழுகும் இடத்தை வாசனையிலேயே கண்டுபிடிப்பேன் என்று பீற்றிக்கொள்பவன், ஒழுகாத வீட்டின் மேல் ஏறி ஓட்டைப் பிரித்திருந்தான்.

வண்டியில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டான்.

"நான்தாம்ப்பா போட்டேன்! பீட்சா கடைச் சம்பளத்துல பிடிச்ச வரி திரும்ப வருதுன்னு பசங்க சொன்னாங்க. ஃபோன்லயே முடிச்சிட்டேன்."

"வேற யாராச்சும் ஒன்னக் காட்ட முடியுமான்னு அந்தப் படிவத்துல கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. முடியாதுன்னு போட்டேன். இருபது வயசாச்சுப்பா, நான் என்ன கைக்கொழந்தையா?"

"ஒன்னக் காட்டினாத்தாண்டி எனக்கு ஃபீஸுக்கு வரிச் சலுகை. அடுத்த ஃபீஸுக்கு அதத்தான் நம்பிக் கெடக்கேன். படிக்கிற வரைக்கும் நீ எம் பிள்ளைதான்னு சர்க்காரே சொல்லுது."

"சர்க்கார் சொன்னாத்தானா?"

"...சிக்னல் சரியில்ல," என்றான். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

"சரி, என்னோடத இன்னிக்கே திருத்தி அனுப்பறேன். கம்ப்யூட்டர்ல இனி எடுக்காது, நீ ஒன்னோடதத் தபால்ல போடு. அப்பா... அம்மாகிட்ட எதுவும் சொல்லலயே?"

"லேசா."

"லேசான்னா?"

"தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும்."

ட்ரூடி சிரிக்கவில்லை. "போய் மன்னிப்புக் கேளு. வெறும் வாயால கேக்காத. அம்மா வீட்டுக் கூரையோரத் தகர வாய்க்கால்ல போன வருஷத்து எல அப்படியே அடைச்சுக் கெடக்கு. ஏணி வண்டியிலதான இருக்கு? ஏறி அள்ளிப் போட்டுட்டு வா."